அரை டிகிரி தள்ளி

எழுந்துவிட்டாள். எழுந்து முகம் கழுவி மிக்சியைப் போட்டுவிட்டாள். இல்லையென்றால் இந்தக் கோடு ஏன் இப்படி மேலே நிற்கிறது? ஒன்பது நாற்பதுக்குத் தொலைநோக்கியைத் திருப்பினோம். திருப்பின நிமிடத்திலிருந்து பச்சைக் கோடு இருக்க வேண்டிய இடத்துக்கு மூன்று மடங்கு உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. இப்போது மணி பத்து பன்னிரண்டு. செண்பகம்தான், வேறு யார்? பன்னிரண்டு நாளாகப் படித்துப் படித்துச் சொல்கிறேன், நான் கண்ட்ரோல் ரூமில் இருக்கிற நேரத்தில் மிக்சி போடாதே, மிக்சிக்குள் கார்பன் பிரஷ் பொறி தட்டும், ஒவ்வொரு பொறியும் ஒரு ரேடியோ அலை, நம் குவார்ட்டர்ஸ் இந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, எழுபது கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வருகிற ஒரு சொட்டு அலையைப் பிடிக்க நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீ அதன் தலையில் தேங்காய்ச் சட்னியைக் கொட்டாதே என்று. கேட்டாளா? இன்று காலையிலும் அரைத்தாள். ஏழு நாற்பதுக்கு. அதற்குத்தான் அவளை, சரி, அது முடிந்தது. இப்போது மறுபடி அரைக்கிறாள், வீம்புக்கு. நல்லது, அரைக்கட்டும். அரைக்கிறவள் நிற்கிறாள், நிற்கிறவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆறுதலாக இருக்கிறது. அதே மூச்சில் கை முறுக்கிக்கொள்கிறது, இப்படியே இறங்கிப் போய் அந்த மிக்சியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தால் என்ன என்று. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ரெஜினா, டீ வேணுமா சார் என்கிறாள். வேண்டாம் என்கிறேன்.

ரெஜினா மேரி இந்த மலையில் பத்தொன்பது வருடமாகத் தொலைநோக்கி ஓட்டுகிறாள். நான் வந்து பதினொரு வருடம். நான் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்வேன், அவள் அந்த முப்பது மீட்டர் கிண்ணத்தை அங்கே திருப்புவாள், வானம் நகர நகரக் கிண்ணமும் கூடவே நகரும். கைப்பேசியைக் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அலை எதுவும் கசியாமல் இருக்க அறை முழுக்கச் செப்பு வலை. வெளியுலகத்தோடு பேச மேஜைமேல் ஒரே ஒரு கம்பித் தொலைபேசி, கறுப்பு. அதை நான் பார்க்கவில்லை. நான் பார்ப்பது கோட்டை. என் விண்மீன் மண்டலத்தை. பெயர் கிடையாது, ஒரு எழுத்தும் எட்டு எண்ணும். அதன் நடுவில் எண்பது கோடிச் சூரியன் எடையில் ஒரு கருந்துளை, அது இரண்டு பக்கமும் பீய்ச்சியடிக்கிற இரண்டு தாரைகள், அதில் ஒன்று ஏறக்குறைய நம் முகத்துக்கு நேராக. ஆனால் சோம்பேறி. பதினொரு வருடமாக நான் பார்க்கிறேன், எனக்கு முன்னால் வேறு ஆட்கள் பார்த்தார்கள், ஒரே அளவு, ஒரே கோடு, என்றைக்கும் பொங்கியதில்லை. அதனால்தான் நான் ஆஃப் ஸ்கேன் எடுப்பதை விட்டுவிட்டேன். கிண்ணத்தை மூலத்திலிருந்து அரை டிகிரி தள்ளி வெறும் வானத்தைப் பார்க்கச் சொல்லி, அங்கேயும் கோடு இறங்காமல் நின்றால் வருவது பூமிக் குப்பை, இறங்கிவிட்டால் அது வானத்துச் சரக்கு என்று தெரிந்துகொள்கிற சோதனை. முதலாம் வருட மாணவன்கூட எடுப்பான். போக நாலு நிமிடம், வர நாலு நிமிடம், எட்டு நிமிடம் வீண். எனக்குத்தான் என் மண்டலத்தைத் தெரியுமே. பன்னிரண்டு நாள் முன்னால் கோடு ஏறினபோதும் நான் வானத்தைச் சந்தேகப்படவில்லை, சமையலறையைச் சந்தேகப்பட்டேன். கடப்பாக் கல். சமையல் மேடையின் கடப்பாக் கல்லுக்கு விளிம்பு தேய்க்காமல் விட்டிருந்தான் கொத்தனார், கூராக இருக்கு, கையைக் கிழிக்குதுங்க என்று அவள் குடிவந்த முதல் வாரமே சொன்னாள். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

சத்தம்தான் போக மாட்டேன் என்கிறது. பலமான சத்தம்கூட இல்லை. தேங்காயைத் தரையில் வைத்துத் தட்டிப் பார்ப்பது போல ஒரு சின்ன டொக். நான் அடித்தது கன்னத்தில். தலை தானாகப் போய் மேடையில் மோதியது, நான் பிடித்து மோதவில்லை, அடித்த வேகத்துக்கு அவள் திரும்பினாள், ஈரத் தரை, கால் வழுக்கியது. பார்த்தாயா, இப்படித்தான். ஒரு நிகழ்வு நடந்தால் உடனே அதை விசைகளாகப் பிரித்துப் போட்டுவிடுவேன். இந்த விசை என்னுடையது, அந்த விசை தரையுடையது. அறிவியல் தினத்துக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், சார், கருந்துளை எல்லாத்தையும் உறிஞ்சிடுமா சார்? உறிஞ்சாது என்பேன். அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். பக்கத்தில் வருகிற எதுவும் நேராக விழுவதில்லை, பக்கவாட்டு வேகம் இருக்கிறது, அதனால் சுற்றும். சுற்றிச் சுற்றித் தட்டாகப் பரவும். உள்வட்டம் வேகமாக ஓடும், வெளிவட்டம் மெதுவாக ஓடும், இரண்டும் ஒன்றை ஒன்று உரசும், உரசி உரசிச் சூடேறும், லட்சம் டிகிரி ஏறும். ஒவ்வொரு உரசலிலும் கொஞ்சம் வேகத்தை இழந்து ஒரு படி உள்ளே இறங்கும். அந்தச் சூட்டில்தான் வெளிச்சம். ஒரு மண்டலத்தின் பத்தாயிரம் கோடி விண்மீன்களும் சேர்ந்து எரிவதைவிட அதிக வெளிச்சம், நம் சூரியக் குடும்பம் அளவுள்ள ஓர் இடத்திலிருந்து. கருந்துளை வெளிச்சம் தருவதில்லை பிள்ளைகளே, விழப்போகிறதுதான் வெளிச்சம் தருகிறது. நொறுங்கிக் கிழிந்து உள்ளே போவதற்கு முன்னால் தன் எடையில் பத்தில் ஒரு பங்கை வெளிச்சமாகக் கொடுத்துவிட்டுப் போகிறது. சூரியன் தன் வயிற்றில் எரிக்கிறதே, அதில் எடையில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கை தட்டுவார்கள். செண்பகமும் ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். வீட்டுக்கு வந்ததும், நல்லா பேசுறீங்க, ஆனா அந்த விழுறது பாவம் இல்லையா என்றாள். வாயு அது, ஹைட்ரஜன், அதற்கு என்ன பாவம் என்றேன். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு ஹைட்ரஜன் தெரியாதா என்று கேலி வேறு செய்தேன். கோவில்பட்டியில் நல்ல பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர் அவள். என்னைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்து பதினொரு வருடமாகச் சும்மா இருக்கிறாள்.

பத்து இருபத்தொன்று. கோடு இறங்கவில்லை. இத்தனை நேரம் என்ன அரைக்கிறாள்? காலையில், தலை மோதினதும் உட்கார்ந்தாள். தரையில், மேடைக்கு முதுகு கொடுத்து. காதுக்குப் பின்னால் கையை வைத்து எடுத்துப் பார்த்தாள், விரலில் கொஞ்சம்தான் ரத்தம், ஒரு குங்குமப் பொட்டு அளவு. கொஞ்சமாக ரத்தம் வந்தால் நல்லதில்லை என்று எங்கோ படித்திருக்கிறேன், உள்ளே போகிற ரத்தம்தான் ஆபத்து. அப்போது அது நினைவுக்கு வரவில்லை. வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளினேன். அப்புறம் சொன்னாள். "என்னங்க, காதுக்குள்ள கொய்யினு ரேடியோ சத்தம் மாதிரி கேக்குது." அதற்கு நான் சொன்ன பதில் இருக்கிறதே. அதை யாரிடமும் சொல்ல முடியாது, இந்த அறைக்குள் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதும் காது சுடுகிறது. "ரேடியோ அலை சத்தம் இல்ல செண்பகம், எத்தனை வாட்டி சொல்றது" என்றேன். எல்லாரும் செய்கிற தப்பு அது. பத்திரிகைக்காரன் வந்தாலும், சார், வானம் என்ன சத்தம் போடுது என்பான், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒளி மாதிரி ஓர் அலை அது, சத்தம் கிடையாது என்று பதினொரு வருடமாகத் திருத்தித் திருத்தி வாய்க்கு அதுவே பழகிவிட்டது. மனைவி மண்டை உடைந்து உட்கார்ந்திருக்கிறாள், நான் நின்றபடி அவள் இயற்பியலைத் திருத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில், அழுகையும் இல்லை. தூரத்தில் ஒரு போர்டைப் படிக்க முயல்கிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எழுந்து தொட்டியில் வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த காபி. தூக்கமா வருதுங்க என்றாள். படுத்துக்கோ என்றேன். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தால், தூக்கம் வருகிறது என்றால், என்ன செய்ய வேண்டும் என்று இந்தச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, முதலுதவிப் பெட்டிக்கு மேலே, ரெஜினாதான் ஒட்டினாள், மஞ்சள் அட்டை. இங்கிருந்து வாசிக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். ஸ்லாட் இருந்தது, தொலைநோக்கியில் எனக்கென்று ஒதுக்கிய நேரம்.

ஃப்ளாக் செய்வது என்று ஒன்று இருக்கிறது எங்கள் தொழிலில். அளவெடுத்ததில் குப்பை விழுந்த நிமிடங்களைக் குறி போட்டு ஒதுக்கிவிடுவது. அழிப்பதில்லை, இருக்கும், ஆனால் சராசரி போடும்போது கணக்கில் வராது. அதில் நான் கெட்டிக்காரன். வேறு இடங்களிலிருந்துகூடக் கேட்டு எழுதுவார்கள், ஆவுடையப்பன் சார் எப்படி இவ்வளவு சுத்தமாக ஃப்ளாக் பண்ணுகிறார் என்று. முதல் தடவை கல்யாணமாகி இரண்டாவது வருடம், பொங்கலுக்கு மறுநாள், தட்டை விட்டெறிந்தேன், அவள் நெற்றியில் பட்டது. தட்டைத்தான் எறிந்தேன், அவள் குறுக்கே வந்தாள். ஃப்ளாக். மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில் காருக்குள், வாயை மூடு என்று புறங்கையால். காய்ச்சல் எனக்கு அன்றைக்கு, நூற்று மூன்று. ஃப்ளாக். அவள் தம்பி கல்யாணத்துக்குப் போய்வந்த அன்று முடியைப் பிடித்தது. பத்து நிமிடத்தில் மன்னிப்புக் கேட்டேன், காலைத் தொட்டேன். ஃப்ளாக். இத்தனையும் எடுத்துவிட்டுச் சராசரி பார்த்தால் நான் நல்ல புருஷன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சம்பளம் அவள் கையில். எங்கப்பா மேல் பழி போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மின்வாரியத்தில் லைன்மேன், எங்கம்மாவை அதட்டிப் பேசிக்கூட நான் கேட்டதில்லை, சோறு குழைந்திருந்தால் மோர் ஊற்றிக் குடித்துவிட்டுப் போகிற மனுஷன். அவரிடமிருந்து வரவில்லை. யாரிடமிருந்தும் வரவில்லை. என்னிடம் இருக்கிறது. வெறுமனே ஒரு சத்தம், தேங்காய் அரைபடுகிற சத்தம், ஏழு நாற்பதுக்கு, அது ஸ்லாட் நேரம்கூட இல்லை, ஸ்லாட் ஒன்பது நாற்பதுக்குத்தான், ஏழு நாற்பதுக்கு அவள் மிக்சி போட எல்லா உரிமையும் இருந்தது. நான் குளித்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு நாள் அளவுகள் வீணான எரிச்சல் உள்ளுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கண் இருட்டியது. "பத்து மணிக்கு நான் மிக்சியே போடறதில்லங்க, சத்தியமா, பத்து மணிக்கு நான் துணி காயப் போட்டுட்டு இருப்பேன்." அதுதான் அவள் கடைசியாக ஒழுங்காகப் பேசியது. பொய் சொல்றியா என்றுதான் கை ஓங்கினேன். அந்தச் சத்தியத்துக்குத்தான் அடித்தேன்.

"சார்," என்கிறாள் ரெஜினா, நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்து. "நாப்பது நிமிஷத்துக்கு மேல ஆச்சு. மிக்சியா இருந்தா இந்நேரம் மோட்டார் எரிஞ்சிருக்கும் சார்."

கிரைண்டராக இருக்கும் என்கிறேன். இட்லி மாவு. அரை மணி, முக்கால் மணி ஓடும். சொல்லும்போதே எனக்குத் தெரிகிறது, கிரைண்டர் மோட்டாரில் பிரஷ் கிடையாது, பொறியும் கிடையாது, ஒன்பது மாதம் முன்னால் நானே மீட்டரை வைத்துப் பார்த்துப் பரவாயில்லை என்று அவளுக்கு வாங்கித் தந்தது அது. ரெஜினாவுக்கும் தெரியும். அவள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்து, "ஒரு ஆஃப் எடுத்துரலாமா சார்" என்கிறாள். இப்போது வேண்டாம் என்கிறேன். "எட்டு நிமிஷந்தானே சார்." வேண்டாம் என்கிறேனே என்று குரலை உயர்த்துகிறேன். அவள் நாற்காலியை மெதுவாக உருட்டிக்கொண்டு பழைய இடத்துக்குப் போகிறாள். பத்து முப்பத்திரண்டு. வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கையால்தான். கோடு மேலே இருக்கிற வரைக்கும் அவள் நிற்கிறாள். கோடு மேலே இருக்கிற வரைக்கும் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு, எதையோ அரைத்துக்கொண்டிருக்கிறாள். தள்ளிப் பார்த்து, கோடு விழுந்துவிட்டால்? எனக்கு அந்தக் கோடு வேண்டும். கருந்துளைக்குள் எது விழுந்தாலும் வெளியே வராது, ஆனால் எல்லாமே உள்ளே போவதில்லை, அதுதான் விசித்திரம். வாசல் வரைக்கும் போய் எறியப்படுவது கொஞ்சம் இருக்கிறது. தட்டோடு சேர்ந்து காந்தப் புலமும் சுற்றும், கயிறு முறுக்குவது மாதிரி முறுக்கி முறுக்கி இறுகும், தாங்க முடியாமல் இரண்டு துருவத்தின் வழியாகவும் வெடித்துக் கிளம்பும். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில். மண்டலத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும், லட்சக்கணக்கான ஒளியாண்டு போகும். எலக்ட்ரான்கள் அந்தப் புலத்தில் திருகித் திருகி ஓடுவதால் வருகிற அலைதான் என் கிண்ணத்தில் விழுகிறது. போகிற வழியில் இருக்கிற வாயுவையெல்லாம் அந்தத் தாரை காய்ச்சிவிடும். காய்ந்த வாயு குளிராது, குளிராத வாயுவில் விண்மீன் பிறக்காது. நடுவில் இருக்கிற ஒன்று தின்பதற்காகத் தன் ஊர் முழுவதையும் தரிசாக்கிவிடும். இதைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். எழுதும்போது எதுவும் உறைக்கவில்லை.

பத்து நாற்பது. ஒருவேளை வானம்தான் என்றால். நினைக்கக் கூடாது என்று நினைத்தாலும் நினைப்பு அங்கேதான் போய் விழுகிறது. என் சோம்பேறி மண்டலம் விழித்துக்கொண்டு, ஏதோ ஒரு விண்மீனோ ஒரு வாயுக் கட்டியோ கிட்டப் போய்க் கிழிந்து, எழுபது கோடி வருடம் முன்னால் கிழிந்தது, அந்தத் தாரை வெடித்த வெடிப்பின் முதல் அலை சரியாகப் பன்னிரண்டு நாள் முன்னால் இந்த மலையில் வந்து இறங்கியிருந்தால், உலகத்தில் முதலில் பார்த்தவன் நான். வேறு யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பன்னிரண்டு நாள் அளவும் என்னிடம் இருக்கிறது, ஃப்ளாக் போட்டது, எடுத்துவிட்டால் போதும். பெயர், அழைப்பு, பெரிய பெரிய கூட்டங்கள். நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. துள்ளியதை நான் பார்த்தேன். அவள் அங்கே கிடக்கிறாள் என்றால்தான் இது எனக்குக் கிடைக்கும், அவள் நிற்கிறாள் என்றால் இது வெறும் மிக்சி. அவள் சொன்னது பொய் என்றால் அவள் உயிரோடு இருக்கிறாள், சத்தியம் என்றால் நான் பெரிய ஆள். இதில் எது வேண்டும் என்று யாராவது கழுத்தைப் பிடித்துக் கேட்டால் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு விநாடி தாமதம் வந்தது. அந்த ஒரு விநாடிக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அடி என்றால் எனக்குத் தெரியும், கை எப்படி ஏறும், தோள் எப்படித் திரும்பும், கன்னத்தின் மெத்து எப்படி உள்ளங்கைக்கு வரும், அதற்கப்புறம் ஒரு நிம்மதி வருமே, சுத்தமான வெறும் நிம்மதி, வீடே அமைதியாகிவிடும். இன்று காலையும் வந்தது. தொலைபேசி மேஜைமேல் இருக்கிறது. கையை நீட்டினால் எட்டும். வீட்டு எண் இரண்டு ஒன்று நாலு. எடுத்து அழுத்தியிருந்தால் எட்டு மணிக்கே தெரிந்திருக்கும். அவள் எடுத்தால் என்ன பேசுவது என்றுதான் இத்தனை நேரம் எடுக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உண்மையான பயம்.

"எடு," என்கிறேன் ரெஜினாவிடம். "ஆஃப் எடு."

கிண்ணம் நகர்கிற உறுமல் தரை வழியாகக் காலில் ஏறுகிறது. அரை டிகிரி. நிலாவை விரலால் மறைக்கிற தூரம். பத்து நாற்பத்தேழு. கோடு நிற்கிறது. நிற்கிறது, நிற்கிறது, அரைத்துக்கொண்டிரு செண்பகம், என்ன வேண்டுமானாலும் அரை, மிளகாய் அரை, கல்லைப் போட்டு அரை, என் அளவெல்லாம் நாசமாய்ப் போகட்டும், பதினொரு வருடமும் போகட்டும், பத்து மணிக்கு நீ மிக்சி போட்டாய், நீ பொய் சொன்னாய், சொன்னால் என்ன, எல்லாரும் சொல்கிறோம். கோடு அசைகிறது. ஓரத்தில் சரிகிறது. வேகமாகச் சரிகிறது. பிறகு ஒரேயடியாகக் கீழே போய் வெறும் வானத்தின் அளவில், பதினொரு வருடமாக நான் பார்த்த வெறும் வானத்தின் அளவில், ஒரு பிசிறுகூட இல்லாமல் படுத்துவிட்டது. மணி பத்து ஐம்பத்தொன்று. கீழே குவார்ட்டர்ஸில் எந்த மோட்டாரும் ஓடவில்லை. காலையிலிருந்தே ஓடவில்லை.

"சார்!" ரெஜினா எழுந்தே விட்டாள். "விழுந்துருச்சு சார்! வானத்துலருந்துதான் வருது! அப்போ பன்னண்டு நாளும் நிஜம் சார், எல்லாமே நிஜம்!" கை குலுக்க நீட்டுகிறாள். என் முகத்தைப் பார்த்ததும் நீட்டிய கை பாதியில் நிற்கிறது.

நான் தொலைபேசியை எடுத்து இரண்டு ஒன்று நாலு அழுத்துகிறேன். மணி அடிக்கிறது. எங்கள் வீட்டுத் தொலைபேசி ஹாலில் இருக்கிறது, சமையலறையிலிருந்து எட்டு அடி. அடித்துக்கொண்டே இருக்கிறது. அதுவாக அறுந்து போகிறது. மறுபடி அழுத்துகிறேன், மறுபடி அறுந்து போகிறது. அப்புறம் நூற்றெட்டு. ஒரு பெண் குரல், பதற்றமில்லாத குரல், சொல்லுங்க சார் என்கிறது.

"என் மனைவி. தலையில அடி."

"எப்படி சார் அடிபட்டுச்சு? வழுக்கி விழுந்துட்டாங்களா?"

"ஆமா," என்கிறது என் வாய். ரெஜினா பக்கத்தில் நிற்கிறாள். "வழுக்கித்தான்."

"எப்ப விழுந்தாங்க சார்?"

"ஏழு நாப்பது."

"ராத்திரியா சார்?"

"காலைல. இன்னிக்குக் காலைல."

விசைப்பலகையில் தட்டுகிற ஓசை நிற்கிறது. "மூணு மணி நேரம் ஆச்சே சார். இப்ப மூச்சு இருக்கா? பேசுறாங்களா?"

"தெரியாது."

"பக்கத்துல யாரு சார் இருக்கா?"

"யாரும் இல்ல."

"நீங்க வெளியூர்லயா சார் இருக்கீங்க? வீட்டுக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்?"

தூரம் சொல்வது என் தொழில். "முந்நூறு மீட்டர்," என்கிறேன்.

ரெஜினா என்னைப் பார்க்கிறாள், என் வலது கையைப் பார்க்கிறாள், திரும்பி ஓடுகிறாள். இரும்புக் கதவு மோதிச் சாத்துகிறது. ஜன்னலின் செப்பு வலைக்கு அப்பால் அவள் ஊதா ஸ்வெட்டர் படியில் இறங்குகிறது, ஒரு செருப்பு கழன்று படியிலேயே கிடக்கிறது, அவள் நிற்கவில்லை. "வண்டி கிளம்பிருச்சு சார்," என்கிறது குரல், இப்போது அதில் பதற்றம் இருக்கிறது, "மலைப் பாதை, நாப்பது நிமிஷம் ஆகும். நீங்க ஓடுங்க சார். போன அப்படியே வெச்சுட்டு ஓடுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மூச்சு இருக்கான்னு பாருங்க. ஓடுங்க சார்." சரி என்கிறேன். ஓட வேண்டும். கால் இருக்கிறது, கதவு இருக்கிறது, வழி முழுக்க இறக்கம். மணி பத்து ஐம்பத்தாறு. ஸ்லாட் முடிய இன்னும் பதினாலு நிமிடம், திரும்பிப் போக நாலு நிமிடம், பத்து நிமிடம் மிச்சம். கிண்ணம் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது. என் வலது கை ரெஜினாவின் விசைப்பலகைக்குப் போகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது என் மண்டலம் இருக்கிற இடத்தின் எண்களை அடிக்கிறது, ஒவ்வொன்றாக, தப்பில்லாமல். தரை உறுமுகிறது. பச்சைக் கோடு மெல்ல மேலே ஏறத் தொடங்குகிறது.

"சார்," என்கிறது காதில் அந்தக் குரல். "சார், இன்னும் லைன்லயா இருக்கீங்க?"